காலமும் செலவும்

ஒரு கருமத்தை விரைந்து முடிக்க விரும்புவோர் அதன் எல்லாப் பகுதிகளையும் ஒருங்கே துரிதப்படுத்த முனைதல் இயல்பு. அங்ஙனம் செய்யுமிடத்துச் செலவு பெருகும். காலமோ அதற்கேற்பச் சுருங்காது. இக்குறையை நீக்கும்பொருட்டு எழுந்ததே ‘அவதிப் பாதை முறை’ ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் 1957 ஆம் ஆண்டளவில் டியூபொன்ற் நிறுவனத்தைச் சேர்ந்த மோர்கன் வோக்கரும், றெமிங்ரன் றான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெலியும் இதனை வகுத்தனர்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். ஒரு கல்லூரி ஆய்வுகூடம் கட்டுகின்றது எனக் கொள்வோம். அத்திவாரத்துக்கு 3 கிழமை, சுவருக்கு 5, கூரைக்கு 2, இறுதி வேலைக்கு 2 என இவை ஒன்றன்பின் ஒன்றாக நிகழவேண்டியவை. ஆக 12 கிழமை. தளபாடம் செய்ய 6 கிழமை வேண்டும். இறுதி வேலை தொடங்குமுன் அது முடிந்தாற் போதும். எனவே தளபாட வேலைக்கு 4 கிழமை ஓய்வுண்டு; முன்னைய நான்குக்கும் ஓய்வேயில்லை. அந்நான்கும் சேர்ந்ததே அவதிப் பாதை. அதில் ஒருநாள் தாமதம் முழுவேலைக்கும் ஒருநாள் தாமதமாம்.

மேற்பார்வை, இயந்திர வாடகை முதலியவற்றுக்குக் கிழமைக்கு 50,000 ரூபா செலவாகின்றது என்க. தளபாட வேலையில் ஒரு கிழமையைக் குறைக்க 20,000 ரூபாவும், சுவர் வேலையிற் குறைக்க 30,000 ரூபாவும் வேண்டும். மலிவானதைத் தெரிந்தால் 20,000 ரூபாவும் வீணே. கட்டடம் முன்னதாக முடியாது. சுவரைத் துரிதப்படுத்தினாலோ, 30,000 செலவிட்டு 50,000 மிகுத்தலால், 20,000 ரூபா இலாபமாகும். ஒரு கிழமையைக் குறைக்கும் செலவு 50,000 ரூபாவை விஞ்சுமிடத்து நிறுத்திக்கொள்ளல் அறிவுடைமை.

இனி, ஆட்பங்கீட்டை நோக்குவாம். கூரைக்கும் தளபாடத்துக்கும் ஒரே தச்சர்களே உளராயின், முதலில் வகுத்த ஒழுங்கின்படி 9 ஆம், 10 ஆம் கிழமைகளில் அவர்கள் கூரையில் நிற்பர். ஆதலால் தளபாடம் 8 ஆம் கிழமை முடிவிற்குள் நிறைவெய்தவேண்டும். ஏட்டில் 4 கிழமையாகத் தோன்றிய ஓய்வு உண்மையில் 2 கிழமையே. இதனை முன்னரே உணர்ந்தோர் அத்தச்சர்களைக் கொண்டே இரு வேலைகளையும் முடிப்பர். உணராதோர் இறுதி வேளையில் வேறு தச்சரை மிகுகூலிக்கு அமர்த்துவர். அன்றேல் கட்டடம் தாமதிக்கும்.

பொதுமக்கள் பணத்தால் எழும் கட்டடங்கள் இடைநடுவில் நின்றுபோதற்குப் பணப் பற்றாக்குறை மட்டும் காரணமன்று. உள்ள பணத்தை எங்கே, எப்பொழுது இடுவது என்னும் தெளிவின்மையும் காரணமாகும். ஒரு தாளும் பென்சிலும் கொண்டு, வேலை தொடங்குமுன் செய்யப்படும் இக்கணக்கு அத்தெளிவை அளிக்கவல்லது.