அந்திக்கு இரு பாடல்கள்

ஆங்கிலத் திருச்சபையின் மாலை வழிபாட்டிலே இரு பாடல்கள் வழிவழியாக ஒலித்து வருகின்றன. இரண்டும் லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் உள்ளவை. ஒன்று, கருவுற்ற மரியாள் இறைவனைப் போற்றியது. மற்றையது, குழந்தை இயேசுவைக் கையிலேந்திய முதியவர் சிமியோன், இனி அமைதியோடு செல்வேன் என விடைபெற்றது. துறவி மடங்களிலே முன்னாளில் இவை வெவ்வேறு வேளைகளுக்கு உரியனவாயிருந்தன. 1549ஆம் ஆண்டுப் பொது வழிபாட்டு நூலே இரண்டையும் ஒரே மாலையில் இணைத்தது. பிறப்பை நோக்கியிருக்கும் இளம்பெண்ணும் இறப்பை நோக்கியிருக்கும் முதியவரும் அடுத்தடுத்துப் பாடுகின்ற இப்பொருத்தத்திலே ஈடுபட்டு இசையமைத்தோர் மிகப் பலர்.

அவர்களுள் ஹேபேட் ஹவெல்ஸ் (1892–1983) தனித்து நிற்பவர். இவ்விரு பாடல்களுக்கும் ஏறத்தாழ இருபது முறை அவர் இசையமைத்தார். எனினும், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்கென 1945இலே அவர் ஆக்கியதே எனக்கு எல்லாவற்றினும் மேலாகத் தோன்றுகிறது. கல்லூரியின் இலத்தீன் பெயரால் அதனைக் ‘கொலேஜியம் றீகாலே’ என்பர். போர்க்காலத்திலே அயலிலிருந்த சென். ஜோன்ஸ் கல்லூரியின் ஓர்கன் இசைஞர் படைப்பணிக்குச் சென்றிருந்தார். அவ்விடத்தை நிரப்ப வந்தவரே ஹவெல்ஸ். கிங்ஸ் கல்லூரி முதல்வர் ஒருவர் ஒரு கினி பந்தயம் கட்டியே தம்மைக் காலைப் பாடல் ஒன்று எழுதவைத்தார் என அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மாலைப் பாடல்கள் அதன்பின் வந்தவை.

மரியாளின் பாடலிலே வலியோர் அரியணையினின்றும் இறக்கப்படுவது பற்றிய அடி ஒன்று உண்டு. போர் முடிந்த ஆண்டு அது. அவ்வடிக்கு ஓர்கனை முழங்கவிட்டிருந்தால் யார் குறை கூறியிருப்பர்? ஹவெல்ஸ் அவ்வாறு எண்ணவில்லை. இது ஒரு பெண்ணின் பாடல். இதிலே வலியோர் வீழ்வதும் முரட்டு வன்மையின்றி நிகழவேண்டும் என்பது அவர் துணிபு. ஆகவே தொடக்க அடிகளைச் சிறுவர் குரல்களே பாடுகின்றன. ஓர்கன் அவர்கள் கீழே மெல்லெனப் பரந்து கிடக்கிறது. ஆண்குரல்கள் காத்திருந்தே வந்து சேர்கின்றன. வெற்றிக் களிப்பைக் காட்டிலும் இவ்வடக்கமே வன்மையுடையது என்பேன்.

பாடுமிடத்தையும் அவர் மறப்பதில்லை. இலண்டன் சென். போல் பேராலயத்துக்கென 1951இலே எழுதியபோது, அங்கே எதிரொலி நெடுநேரம் நிற்பதை உணர்ந்து, சுரக்கூட்டங்கள் விரைந்து மாறாதபடி அமைத்தார்.

சிமியோனின் பாடலை ஒற்றை ரெனர் குரலிடம் ஒப்படைத்தார். ஏனைய குரல்கள் அதனைத் தாங்கி நிற்கின்றன. ஹவெல்ஸின் மகன் மைக்கேல் 1935இலே ஒன்பது வயதில் இறந்தான். அத்துயரிலிருந்து பிறந்த ‘ஹிம்னஸ் பரடிசை’ என்னும் பேரிசைப் படைப்பை அவர் 1950 வரை அரங்கேற்றவில்லை. அதனை அறிந்தோர் இம்முதியவரின் குரலிலும் தந்தையின் குரலையே தேடுவர். தேடட்டும், ஆனால் இசையிலே புலம்பல் இல்லை. கண்டுவிட்டேன், போகிறேன் என்ற நிறைவே அங்கு உளது. பின்னர், மரியாளின் பாடலை முடித்த அதே திரித்துவப் புகழே சிமியோனின் பாடலையும் முடிக்கிறது. அதுவரை அடங்கியிருந்த ஓர்கன் அங்கேதான் தன் முழுக்குரலையும் திறக்கிறது.