எச்.ஐ.வி தொற்றும் கல்லீரல் விறைப்பு அளவீடும்

கல்லீரல் விறைப்பு அளவீடு என்பது கல்லீரல் எந்த அளவுக்கு இறுகியுள்ளது என்பதை, ஊசி செலுத்தாமல், மீயொலியின் (அல்ட்ராசவுண்ட்) துணையுடன் கண்டறியும் முறையாகும். எச்.ஐ.வி தொற்றுள்ளவர்களுக்குக் கல்லீரல் அழற்சி பி அல்லது சி வைரசும் சேர்ந்து தொற்றினால், கல்லீரலில் தழும்பு விரைவாகப் பரவுகிறது. தழும்பு முற்றிய நிலையான சிரோசிசு ஏற்படும் வரை பெரும்பாலும் அறிகுறி எதுவும் தோன்றுவதில்லை.

முன்னர் தழும்பை அளவிடத் திசு ஆய்வே முதன்மையான வழியாக இருந்தது. ஊசியால் எடுக்கப்படும் துணுக்கு, கல்லீரலில் ஏறத்தாழ 50,000-இல் ஒரு பங்கே. குருதிக்கசிவு ஆபத்தும் உண்டு. 1980-களில் மாசடைந்த உறைபொருள் மருந்துகளால் எச்.ஐ.வி, கல்லீரல் அழற்சி சி இரண்டையும் பெற்ற குருதி உறையாமை நோயாளர்களுக்கு இந்த ஆபத்து பெரிது.

செயற்படும் விதம்

இம்முறையில் பெரிதும் அறியப்பட்ட கருவி, பிரான்சில் உருவாக்கப்பட்ட ஃபைப்ரோஸ்கேன் ஆகும். வலப்பக்க விலா எலும்புகளுக்கு இடையே வைக்கப்படும் முனை, தோலை மெல்லத் தட்டி 50 ஹெர்ட்ஸ் அதிர்வை உள்ளே அனுப்புகிறது. அந்த அலையின் வேகத்தை மீயொலி பின்தொடர்ந்து அளக்கிறது. இறுகிய திசுவில் அலை விரைவாகச் செல்லும். விறைப்பு, வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைவதால், நொடிக்கு 1 மீட்டர் வேகம் 3 கிலோபாசுக்கலையும், 2 மீட்டர் வேகம் 12 கிலோபாசுக்கலையும் குறிக்கும். செல்லத்தக்க பத்து அளவீடுகளின் இடைநிலை எண்ணே முடிவாகக் கொள்ளப்படுகிறது. பெயரில் ஸ்கேன் என்று இருப்பினும் இது கல்லீரலின் படத்தைத் தருவதில்லை, கட்டிகளைக் காட்டாது.

எண்ணின் பொருள்

நலமான கல்லீரலில் இவ்வளவு 5 கிலோபாசுக்கலை ஒட்டி இருக்கும். கல்லீரல் அழற்சி பி குறித்த உலக சுகாதார நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டல், 7-க்கு மேல் குறிப்பிடத்தக்க தழும்பு என்றும், 12.5-க்கு மேல் சிரோசிசு என்றும் கொள்கிறது.

எனினும் கருவி அளப்பது விறைப்பை மட்டுமே, தழும்பை அன்று. அண்மையில் உண்ட உணவு, இதயச் செயலிழப்பு, அழற்சி ஆகியவையும் எண்ணை உயர்த்தும். ஆகவே சோதனைக்கு முன் ஏறத்தாழ 3 மணி நேரம் உண்ணாதிருத்தல் வேண்டும். எச்.ஐ.வி மருந்து தொடங்கிய பின் நோயெதிர்ப்பு மீள்கையில் கல்லீரல் அழற்சி பொங்கி எழுவதுண்டு. அப்போது பெறும் உயர்ந்த எண்ணைக் கொண்டு சிரோசிசு என முடிவு செய்யாமல், நொதிகள் தணிந்த பின் மீண்டும் அளக்க வேண்டும்.

மாறாக, எண் குறைந்திருந்தும் நோய் இருக்கலாம். முன்பு பரவலாக வழங்கப்பட்ட டிடனோசின் என்னும் எச்.ஐ.வி மருந்தை நெடுங்காலம் உட்கொண்ட சிலருக்கு, சிரோசிசு இன்றியே கல்லீரல் வாயிற்சிரையில் அழுத்தம் உயர்ந்து உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்தன. கல்லீரல் அழற்சி சி மருந்துகளால் குணமான பின்பும் விறைப்பு எண் குறைவது வழக்கம். ஆயினும் முன்னர் சிரோசிசு இருந்தவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு எஞ்சியிருப்பதால், ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வழக்கமான மீயொலிப் படச் சோதனை தொடர்கிறது.