அடுப்பைப் பற்றவைத்தது யார்?

ஆசாரமான யூதர் ஒருவர் திருவண்ணாமலைக்குப் போகிற வழியில் திருக்கோவிலூரில் இறங்கி, சுத்த சைவ ஹோட்டல் ஒன்றில் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்றி இல்லை, மாடு இல்லை, முட்டைகூட இல்லை. இட்லி, சாம்பாரை இலையில் வைத்தால் தாராளமாகச் சாப்பிடுவார் என்றுதான் நமக்குத் தோன்றும். சாப்பிடமாட்டார். வாழைப்பழம் கிடைக்குமா என்று கேட்பார். பண்டத்தில் என்ன இருக்கிறது என்பதோடு, அதைச் சமைத்தது யார் என்பதும் அவருக்கு முக்கியம்.

யூதர் அல்லாதவர் சமைத்ததை உண்ணக்கூடாது என்பது கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது. யூதர் பார்க்காமல் பிறர் கறந்த பால், பிறர் சுட்ட ரொட்டி, பிறருடைய எண்ணெய் ஆகியவையும் அதே பட்டியலில் வருகின்றன. எண்ணெய்க்கு இருந்த தடையைப் பிறகு ரபிகளே (யூத மத குருமார்களே) நீக்கிவிட்டார்கள். ரொட்டி விஷயத்திலும், வீட்டில் சுட்டது வேறு, கடையில் விற்பனைக்குச் சுட்டது வேறு என்று பிரித்து, கடை ரொட்டியைப் பலர் அனுமதித்தார்கள். சமைத்த உணவுக்கான தடையோ இறுக்கமாக நின்றுவிட்டது.

இதற்கு இரண்டு காரணங்கள் சொல்வார்கள். பிறர் வீட்டில் சாப்பிட்டுப் பழகினால் என்றாவது ஒருநாள் விலக்கான பொருளும் வயிற்றுக்குள் போய்விடும் என்பது ஒன்று. இன்னொன்று நமக்கு உடனே புரியக்கூடியது: கை நனைத்தால் உறவு வரும், உறவு வந்தால் சம்பந்தம் வரும். சின்னஞ்சிறு சமூகம் கரைந்துபோகாமல் இருக்கப் போட்ட வேலி இது.

இதைப் படித்ததும் நம் ஊர் மடி நினைவுக்கு வரும். திருக்கோவிலூரை ஒட்டிய மணம்பூண்டியில் மாத்வர்களின் ரகூத்தம தீர்த்தர் பிருந்தாவனம் இருக்கிறது. மாத்வர்கள் மடிச் சமையலில் எவ்வளவு கண்டிப்பு என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே வேறு. மடியில், தொட்டால் தீட்டு. யூத விதியில் சமைப்பவர் கைக்குத் தீட்டு கிடையாது. காய் நறுக்கலாம், மாவு பிசையலாம், ஒரே மேசையில் உட்காரலாம். நம்மிடம் பார்வைகூடத் தீட்டாக இருந்தது. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் 1924-25இல் வெடித்த சண்டை யார் சமைத்தார்கள் என்பதற்காக இல்லை; பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி வைத்ததற்காக. அது மனிதரை மேல் கீழ் என்று அடுக்கிய வழக்கம். யூதர்களுடையது பக்கத்து வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடுவே எழுப்பிய சுவர். சுவரும் பிரிக்கத்தான் செய்யும். ஆனால் இரண்டையும் ஒன்றென்று சொல்வது தவறு.

சரி, எது ஆகும், எது ஆகாது? மிஷ்னாவுக்கு விரிவுரையாக வந்த தல்மூத் இரண்டு கேள்வி கேட்கச் சொல்கிறது. பச்சையாகச் சாப்பிடக்கூடிய பொருளா? ஆம் என்றால், யார் சமைத்திருந்தாலும் இந்தத் தடை இல்லை. அரசனின் விருந்தில் வைக்கும் தரமுள்ள பதார்த்தமா? இல்லை என்றாலும் தடை இல்லை. இரண்டிலும் மாட்டிக்கொள்வதுதான் விலக்கு. இட்லி மாட்டிக்கொள்கிறது: அரிசியையும் உளுந்தையும் யாரும் பச்சையாகத் தின்பதில்லை, கல்யாணப் பந்தியிலோ இட்லி இல்லாமல் இருப்பதில்லை. அவித்த முட்டையும் ஆகாது. மாவடு தப்பித்துவிடும், உப்பில் ஊறப்போடுவது சமையல் கணக்கில் வராது. கட்டங்காபியைப் பலர் குடிப்பார்கள். தண்ணீர் பச்சையாகக் குடிக்கக்கூடியது, காபித்தூள் அதற்குத் துணை என்பது வாதம். டம்ளரில் முன்பு என்ன இருந்தது என்ற கவலை தனி, அதனால் காகிதக் கப்பில் கொடுப்பது நல்லது. இளநீருக்கு எந்தக் கேள்வியும் இல்லை.

இந்த விதிக்கு ஒரு பரிகாரமும் உண்டு. சமையலில் யூதர் ஒருவர் கை கொடுத்துவிட்டால் தடை விலகிவிடும். எவ்வளவு கை? இங்கேதான் சண்டை. யோசேப் காரோவின் ‘ஷுல்கான் அருக்’ என்ற சட்டநூல் 1565இல் வெனிஸில் அச்சானது. பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதோ கிளறுவதோ யூதர் செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. ஸ்பெயின் வழிவந்த செபார்தி யூதர்களின் வழி இது. கிராக்கோவ் நகர ரபி மோசே இஸர்லெஸ், தீயைப் பற்றவைத்தால், ஏன், கங்கைக் கிளறிவிட்டாலே போதும் என்றார்; ஐரோப்பாவின் அஷ்கெனாஸி யூதர்கள் அவர் பக்கம். இன்று யூத உணவு விதிப்படி நடக்கும் பல ‘கோஷர்’ ஹோட்டல்களில் சமையல்காரர் யாராக இருந்தாலும், காலையில் யூத மேற்பார்வையாளர் வந்து அடுப்பைப் பற்றவைப்பது இதனால்தான்.

ஷுல்கான் அருக் அச்சாகி மூன்றாண்டு கழித்து, 1568இல், கொச்சியில் பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது. கொச்சி யூதர்கள் செபார்தி வழக்கத்தை ஒட்டியவர்கள். பாலையும் இறைச்சியையும் சேர்க்கக்கூடாது என்ற இன்னொரு விதிக்கு, கறியில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கேரள மண்ணே வழிகாட்டியது. 1950களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்.

இப்போது வேறொரு கூட்டம் இங்கிருந்து அங்கே போகிறது, முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு. கேரளத்தவர் அதிகம். ஏஜென்ட்டுகள் சம்பளத்தைச் சொல்வார்கள், அடுப்பு விஷயத்தைச் சொல்லமாட்டார்கள். உங்கள் வீட்டிலிருந்து யாராவது கிளம்பினால் இதைச் சொல்லி அனுப்புங்கள்: ஆசாரமான வீடென்றால் முதல் நாளே அவர்கள் வழக்கம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள், அடுப்பை வீட்டுக்காரரையே பற்றவைக்கச் சொல்லுங்கள், செபார்தி வீடென்றால் பாத்திரத்தையும் அவரையே ஏற்றச் சொல்லுங்கள், நடுவில் அணைந்தாலும் அவரையே கூப்பிடுங்கள்.