கண்ணுக்குப் புலப்படாத எழுத்து

தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் இரண்டு காரியங்கள் நிகழவேண்டும். வண்டி தொடக்கத்திற்குத் திரும்புதல் ஒன்று. தாள் ஒரு வரி மேலேறுதல் மற்றொன்று. 1963-இல் வெளியான ஆஸ்கி என்னும் குறியீட்டு முறை, முன்னதற்கு 13 என்றும் பின்னதற்கு 10 என்றும் எண் வழங்கிற்று.

கணிப்பொறித் திரையில் வண்டியும் இல்லை, தாளும் இல்லை. எண்கள் மட்டும் எஞ்சின. 1969-இல் தோன்றிய யுனிக்ஸ் 10 ஒன்றே போதுமெனக் கொண்டது. 1981-இல் வந்த டாஸ் இரண்டையும் சேர்த்தே எழுதிற்று. விண்டோஸ் டாஸின் வழியிலும், லினக்ஸ் யுனிக்ஸின் வழியிலும் நிற்கின்றன.

இதனால் நமக்கென்ன என்பீர்கள். அனுப்பர்பாளையத்துப் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் இதன் விளைவை நான் கண்டேன். விண்டோஸில் எழுதிய பனியன் பட்டியலை லினக்ஸ் கணிப்பொறிக்கு அனுப்பியிருந்தனர். வரிதோறும் கடைசியில் இருந்தது அளவு. 90 என்ற அளவைத் தேடிய நிரல் ஒன்றையும் காணவில்லை. அதற்கு அங்கிருந்தது வெறும் 90 அன்று. பின்னே 13 ஒளிந்திருந்த வேறொரு சொல். பட்டியலில் எண்ணிக்கை குறைந்தால் வெட்டும் துணி குறையும். உருப்படிக் கணக்கில் தைப்பவரின் கூலியும் குறையும் அன்றோ?

பரிகாரம் எளிது. நோட்பேட் பிளஸ் பிளஸ் என்னும் தொகுப்பி, கோப்பின் வகையைக் கீழ்க்கோடியிலேயே காட்டும், அங்கேயே மாற்றலாம். விம் தொகுப்பியில் கோப்பு வகையை யுனிக்ஸ் என்று அமைத்துச் சேமித்தால் 13 நீங்கும். விண்டோஸின் நோட்பேடோ, 2018 வரை யுனிக்ஸ் கோப்பினை ஒரே வரியாகவே காட்டிவந்தது.

ஆகவே, கோப்பை அனுப்புமுன் பெறுவோரின் பொறி எவ்வகையினது என்று கேட்டறியுங்கள். நம் கண் காணாததையும் கணிப்பொறி எழுத்தென்றே எண்ணுகிறது.