கூடையில் கீரை, வயலில் களை

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் கரிசலாங்கண்ணிக் கட்டைப் பார்த்தால் பாட்டிகள் விட மாட்டார்கள். கச்சேரி சாலை நாட்டு மருந்துக் கடைகளில் அதுவே பொடியாகக் கிடைக்கிறது. ஆரைக்கீரைக்கும் அதே மதிப்பு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் வயல் களைப் பட்டியலிலோ இரண்டும் இருக்கின்றன. தி. நகரில் சிறுதானியமாக விற்கும் குதிரைவாலியின் நெருங்கிய உறவுப் புல்தான், நாற்றோடு நாற்றாக நின்று விளைச்சலைக் குடிக்கும் முதல் எதிரி.

இவற்றை முளையிலேயே ஒழிக்க பூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் என்ற களைக்கொல்லிகள். நட்ட மூன்றாம் நாள் வாக்கில், ஏக்கருக்கு 20 கிலோ மணலில் கலந்து, மெல்லிசாகத் தண்ணீர் நிறுத்திய வயலில் விசிறுவார்கள். இரண்டு மூன்று நாள் தண்ணீரை வடிக்கக் கூடாது. மண்மேல் படியும் மருந்து, முளைவிடும் விதைக்குள் சில கொழுப்பு அமிலங்கள் உருவாகாமல் தடுக்கும். வேர்பிடித்த நாற்று தப்பித்துவிடும். பிறகும் தலைகாட்டும் களைக்கு பிஸ்பைரிபாக் சோடியம், அகன்ற இலைக் களைக்கு 2,4-டி.

விவசாயியைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. களை எடுக்க வேண்டிய அதே வாரத்தில் ஊர் முழுக்க ஆள் தேவைப்படுகிறது. நாளெல்லாம் சேற்றில் குனிந்தே நின்ற பெண்களின் இடுப்புவலி குறைந்ததில் மகிழத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் மடியில் கட்டிக்கொண்டு போன கீரையும் அதோடு போயிற்று; அவர்களுக்கு அன்றைய கூலியும் போயிற்று.

'சோற்றில் விஷமா?' என்பதுதான் நகரத்தின் முதல் கேள்வி. நட்டவுடன் போட்ட மருந்து, அறுவடை மணியில் பெரும்பாலும் மிகக் குறைவாகவே எஞ்சும். என் கவலை தண்ணீரைப் பற்றியது. பூட்டாகுளோர் மீனுக்குக் கடும் நஞ்சு. சம்பா, தாளடி நடவோ வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருகிறது. மருந்து விசிறிய மறுநாள் மழை கொட்டினால், வரப்பு வழிந்து வாய்க்காலுக்குத்தான் போகும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பூட்டாகுளோருக்கு அனுமதி இல்லை. 2020 மே மாதம் மத்திய அரசு 27 பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி, களைக்கொல்லிகளைத் தடைசெய்ய வரைவு ஆணை வெளியிட்டபோது அதில் பூட்டாகுளோரும் 2,4-டியும் இருந்தன. 2023இல் உண்மையில் தடையானவற்றில் இரண்டுமே இல்லை. காரணத்தை விவசாயிக்கும் நமக்கும் புரியும் மொழியில் அரசு சொல்லியிருக்க வேண்டும்.

மாற்று வழி இருக்கிறது. 25 சென்டிமீட்டர் சதுரத்தில் வரிசையாக நட்டால், கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவியை உருட்டிக் களையைச் சேற்றிலேயே அமுக்கிவிடலாம், மக்கி உரமாகும். அதற்கும் ஆள் வேண்டும், கூலி வேண்டும். அடையாறில் மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும் தேடி வாங்குகிறவர்கள், களையை எப்படி எடுத்தார்கள் என்றும் கடைக்காரரிடம் கேட்கட்டும். கையால் களையெடுத்த நெல் என்றால், அந்தக் கூலியும் சேர்ந்த விலையைப் பேரம் பேசாமல் கொடுக்கட்டும்.