மீன் அமிலம்: எப்போது மூடி போடலாம்?

மீனும் வெல்லமும் இருந்தால் போதும் என்பதால், மீன் அமிலத்தைச் சிறு உழவர்கள் வீட்டிலேயே தயாரித்துக்கொள்ள முடிகிறது. தயாரிப்பில் பெரிய சிரமம் இல்லை. புட்டியில் அடைக்கும்போதுதான் சிரமம். நொதிப்பு அடங்குமுன் மூடினால் புட்டி வீங்கும், மூடி தெறிக்கும். கண்ணாடிப் புட்டியானால் வெடித்துக் கண்ணையே போக்கிவிடக்கூடும்.

காரணம் எளியது. வெல்லத்திலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உண்டு கரியமில வாயுவை வெளிவிடுகிறது. 1 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால் ஏறத்தாழ கால் லிட்டர் வாயு கிடைக்கும். அப்படியானால் ஒரு டீஸ்பூன் சர்க்கரை நொதித்தாலே ஒரு லிட்டர் வாயு. மூடிய புட்டியில் அது எங்கே போகும்?

கோமுகி அணை மீனானாலும், சந்தையில் கழிக்கும் தலை, குடலானாலும் 1 கிலோவுக்கு 1 கிலோ வெல்லம் சேர்க்க வேண்டும். பழைய கறுத்த வெல்லமே போதும். வெல்லத்தைக் குறைத்தால் நொதிப்பதற்குப் பதில் அழுகிவிடும். வாளியில் முக்கால் அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது.

21 நாளில் தயார் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. நாள் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. கள்ளக்குறிச்சிச் சமவெளியின் சித்திரை வெயிலில் நொதிப்பு விரைவாக நடக்கும். சுமார் 2,000 முதல் 3,000 அடி உயரமுள்ள கல்வராயன் மலையிலோ மார்கழிக் குளிரில் ஈஸ்ட் மந்தப்பட்டுவிடும். குமிழி நின்றதைக் கண்டு முடிந்துவிட்டது என்று எண்ணி, வெள்ளிமலையில் அடைத்த கேனைக் கீழே கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்தால், வெப்பம் பட்டதும் நொதிப்பு மீண்டும் தொடங்கும். குளிரில் உறங்கிய ஈஸ்ட் செத்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது.

மேல்நாடுகளில் வீட்டில் பீர் தயாரிப்போர், பால் சங்கத்தில் பயன்படும் பால்மானி போன்ற மிதவைக் கருவியை அதில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். தொடர்ந்து இரண்டு மூன்று நாள் ஒரே அளவு காட்டினால்தான் புட்டியில் அடைப்பார்கள். மீன் அமிலத்தில் வெல்லம் மிகுதியாதலால் இந்தக் கருவி அவ்வளவாக உதவாது. வேறு சோதனை உண்டு.

வாளி மூடியில் துளையிட்டு, சொட்டுநீர்ப் பாசனத்தின் மெல்லிய குழாயைச் செருகி, சுற்றிலும் மெழுகால் அடைக்க வேண்டும். மறுமுனை தண்ணீர் உள்ள புட்டியில் மூழ்கியிருக்கட்டும். குமிழி வரும்வரை வேலை நடக்கிறது என்று பொருள். மெழுகில் கசிவு இருந்தாலும் குமிழி நின்றுவிடும், அதையும் கவனிக்க வேண்டும்.

குமிழி நின்றதும், வடித்த திரவத்தைச் சிறிய பிளாஸ்டிக் புட்டியில் பாதி ஊற்றி, வாயில் பலூனை இறுகக் கட்டி, அடுப்படி போன்ற வெதுவெதுப்பான இடத்தில் மூன்று நாள் வைக்கலாம். பலூன் எழும்பினால் இன்னும் ஒரு வாரம் பொறுத்து மீண்டும் பார்க்க வேண்டும். துவண்டே கிடந்தால் அடைக்கலாம். மலையில் உள்ளவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. மீன் சதை கரைந்து முள் மட்டும் நிற்பதும், பழவாசனை வீசுவதும் நல்ல அறிகுறிகளே. ஆனால் வாயு நின்றதற்கு அவை சான்றாகா. பிண நாற்றமடித்தால் எருக்குழியில் கொட்டிவிடலாம்.

இன்னொன்று. மீன் அமிலத்தில் சர்க்கரை முழுவதும் தீர்ந்து நொதிப்பு நிற்பதில்லை. வெல்லத்தின் அடர்த்தியே ஈஸ்ட்டை அடக்கி வைக்கிறது. தண்ணீர் கலந்தால் அந்தக் கட்டு தளர்ந்துவிடும். ஆகவே அளவைக் கூட்டத் தண்ணீர் ஊற்றி அடைப்பதும், கழுவிய ஈரப் புட்டியில் அடைப்பதும் தவறு. 10 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 மில்லி வரை, தெளிக்கும் அன்றுதான் கலக்க வேண்டும்.

அடைப்பதற்குப் பிளாஸ்டிக் கேனே உகந்தது. கால் பங்கு காலியாக விட்டு, தயாரித்த தேதியை எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத நிழலில் வைத்து, முதல் மாதம் வாரம் ஒருமுறை மூடியைத் தளர்த்தி இறுக்க வேண்டும். கேன் உப்பியிருந்தால் முகத்தை விலக்கிக்கொண்டு மெதுவாகத் திறக்க வேண்டும்.