தோற்ற அணியின் ரசிகன்



வெற்றியும் தோல்வியும் வீரர்க்கு அழகு என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. களத்தில் இறங்கி விளையாடுகின்றவனுக்கு இஃது ஆறுதல் தரும். ஆனால் களத்தில் இறங்காது வேலிக்கு அப்பால் அமர்ந்து பார்க்கின்றவனுக்கு, தொலைக்காட்சிப் பெட்டியின் முன் இமை கொட்டாமல் இருக்கின்ற ரசிகனுக்கு, அப்பழமொழி ஒன்றும் கூறவில்லை. மனத்துக்கு உகந்த அணி தோற்றுவிட்டால் அவன் உண்ண மறுக்கிறான், உறக்கமின்றிப் புரள்கிறான், வீட்டாரிடம் எரிந்து விழுகிறான். “உனக்கு என்னடா நஷ்டம்?” என்று தந்தையார் கேட்டால் அவனால் மறுமொழி கூற இயலுவதில்லை. அந்தக் கேள்விக்குரிய விடையைத் தேடுவதே இப்பேச்சின் நோக்கம்.

நீங்கள் நன்கு அறிந்த ஒரு நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். 2019-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஐதராபாத்தில் இந்தியன் பிரீமியர் லீக் கிரிக்கெட்டின் இறுதிப் பந்தயம். அந்த ஆண்டு எட்டு அணிகள் மோதின. லீக் சுற்றின் முடிவில் முதல் நான்கு இடங்களைப் பெற்ற அணிகள் மட்டுமே பிளே ஆஃப் என்னும் அடுத்த சுற்றுக்குச் செல்லும். மூன்றாம் நான்காம் இடத்து அணிகளுக்குத் தோல்வி என்றால் வெளியேற்றம். முதல் இரண்டு இடத்து அணிகளுக்கோ, தம்முள் மோதித் தோற்றாலும் மறுவாய்ப்பு ஒன்று உண்டு. இரண்டாம் இடத்திலிருந்த சென்னை அணி, முதலிடத்திலிருந்த மும்பையிடம் மே 7-இல் சேப்பாக்கத்திலேயே தோற்றது. மே 10-இல் விசாகப்பட்டினத்தில் டெல்லியை வென்று, மீண்டும் அதே மும்பையை எதிர்கொள்ள வந்தது.

மும்பை எடுத்தவை 149 ஓட்டங்கள். சென்னைக்குக் கடைசி ஓவரில் ஒன்பது ஓட்டங்கள் தேவை. பந்து வீசியவர் இலங்கையைச் சேர்ந்த லசித் மலிங்கா. முழங்காலில் குருதி கசிய ஆடிக்கொண்டிருந்த ஷேன் வாட்சன் 80 ஓட்டங்களில் ரன் அவுட் ஆனார். ஆட்டம் முடிந்தபின் அவருக்குத் தையல் போட நேர்ந்தது என்பதை அவருடைய அணித் தோழர் ஹர்பஜன் சிங் பின்னர் உலகுக்கு அறிவித்தார். இறுதிப் பந்தில் இரண்டு ஓட்டங்கள் வேண்டியிருந்தன. ஷர்துல் தாகூர் எல்.பி.டபிள்யூ. முறையில் ஆட்டமிழந்தார். சென்னை 148, ஒரே ஓட்டத்தில் தோல்வி!

அன்றிரவு தஞ்சையிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் எத்தனை வீடுகளில் விளக்கணைந்த பிறகும் விழிகள் மூடவில்லை என்பதைக் கணக்கிட்டவர் யாரும் இலர். மறுநாட் காலையில் தேநீர்க் கடைகளில் பேச்சு முழுவதும் அதுவே. தோனி ரன் அவுட் ஆனது சரியா என்று வாதிட்டவர் சிலர். கடைசிப் பந்தை வேறொருவர் ஆடியிருக்க வேண்டும் என்றவர் சிலர். இவர்களில் எவரும் மட்டை பிடித்தவர் அல்லர். பரிசுத் தொகையில் எவருக்கும் பங்கும் இல்லை. எனினும் வருத்தம் உண்மையானது. அஃது எங்கிருந்து வந்தது?

முதற் காரணம், ‘நாம்’ என்னும் சொல்லில் இருக்கிறது. அணி வென்றால் ‘நாம் ஜெயித்துவிட்டோம்’ என்கிறோம். தோற்றாலோ, ‘அவர்கள் சொதப்பிவிட்டார்கள்’ என்கிறோம். இதனை ஓர் ஆராய்ச்சியாகவே செய்தவர் அமெரிக்க உளவியல் அறிஞர் ராபர்ட் சியால்டினி. அவரும் அவருடைய தோழர்களும் ஏழு பல்கலைக்கழகங்களில் மாணவர்களின் உடையைக் கவனித்தனர். தம் பல்கலைக்கழகக் கால்பந்து அணி வென்றிருந்தால், அடுத்த திங்கட்கிழமை அதன் பெயர் பொறித்த சட்டைகளை அணிந்து வந்தோர் மிகுதி. தொலைபேசியில் ஆட்டத்தைப் பற்றி வினவியபோதும், வெற்றியைச் சொன்னவர்கள் ‘நாம்’ என்ற சொல்லைத் தோல்வியைச் சொன்னவர்களைவிட மிகுதியாக ஆண்டனர். 1976-இல் வெளிவந்த இவ்வாராய்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? ரசிகன் அணியைத் தன்னிலிருந்து வேறாகக் காண்பதில்லை. தன் பெருமையின் ஒரு பகுதியாகவே கொண்டுவிடுகிறான். ஆகவே அணியின் தோல்வி அவன் தன்மானத்தில் விழும் அடியாகிறது.

இரண்டாவது காரணம், நூலிழையில் தவறிய வெற்றி. ஐம்பது ஓட்டங்களில் தோற்றால் பெருமூச்சு விட்டு எழுந்துவிடுகிறோம். ஓர் ஓட்டத்தில் தோற்றாலோ, ‘அந்தப் பந்து சற்று விலகியிருந்தால்!’ என்று மனம் நடக்காத ஒன்றைத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்க்கிறது. 1992-ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்றவர்களின் முகங்களை ஆராய்ந்த அறிஞர் மூவர், 1995-இல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். வெள்ளிப் பதக்கம் பெற்றவரைவிட வெண்கலம் பெற்றவரே மகிழ்ச்சியோடு காணப்பட்டனராம்! வெண்கலம் பெற்றவர், ‘ஒன்றுமே கிட்டாமற் போயிருக்கலாமே’ என்று கீழே நோக்கி நிறைவு கொள்கிறார். வெள்ளி பெற்றவர், ‘தங்கம் தவறிற்றே’ என்று மேலே நோக்கி ஏங்குகிறார். ஓர் ஓட்டத்தில் தோற்ற அணியின் ரசிகன் அந்த வெள்ளிப் பதக்கத்தாரைப் போன்றவன்.

இவ்விரண்டும் வருத்தத்தை விளக்கும். ஆனால் வருத்தம் சினமாக மாறுவதை விளக்கா. அதற்கு மூன்றாவதாக ஒரு காரணம் வேண்டும். அதனை நம் மாவட்டத்து அனுபவம் ஒன்றைக் கொண்டே அறியலாம்.

அந்த இறுதிப் பந்தயத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன், 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில், கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஓரிரவில் சாய்ந்தன. நெட்டைத் தென்னங்கன்று ஒன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகளேனும் ஆகும். அந்த இழப்பையும் ஒரு கிரிக்கெட் தோல்வியையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க நான் முற்படவில்லை, அது தகாது. இழப்புக்குப் பின் என்ன நிகழ்ந்தது என்பதை மட்டும் நோக்குங்கள். தோப்பை இழந்தவர் அழுதார். அழுத பின் அரிவாளை எடுத்தார். விழுந்த மரங்களை அறுத்து அகற்ற வேண்டும். குழி தோண்ட வேண்டும். கன்று வாங்க வேண்டும். அது தேறும்வரை ஊடுபயிர் ஏதேனும் செய்தாக வேண்டும். துயரம் மலையளவாயினும் கைக்கு வேலை இருந்தது.

விளையாட்டு வீரனுக்கும் அவ்வாறே. தோற்ற மறுநாள் அவன் பயிற்சிக்களம் செல்வான், பிழையை ஆராய்வான், புண்ணுக்கு மருந்திடுவான். ரசிகனுக்கோ செய்வதற்கு ஒன்றுமில்லை. வெற்றிக்கு அவன் உழைக்கவுமில்லை. தோல்வியைத் திருத்த அவனால் இயலவும் இயலாது. உள்ளத்தில் எழுந்த வேகம் முழுவதும் கைகளுக்குச் செல்ல வழியின்றித் தேங்கிவிடுகிறது. வடிகால் இல்லாத வயலில் தேங்கிய நீர் பயிரை அழுகச் செய்வது போல, அந்த வேகமும் அழுகிச் சினமாகிறது. சினம் ஓர் இலக்கைத் தேடுகிறது.

அந்த இலக்கு எத்தகையது என்பதற்கு இரண்டு சான்றுகள் கூறுவேன். 1996 மார்ச் 13-இல் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் உலகக் கோப்பை அரையிறுதி ஆட்டம். இலங்கை எடுத்த 251 ஓட்டங்களுக்கு எதிராக, ஒரு விக்கெட்டுக்கு 98 என்றிருந்த இந்தியா, எட்டு விக்கெட்டுக்கு 120 எனச் சரிந்தது. பார்வையாளர் சிலர் புட்டிகளை வீசினர். இருக்கைப் பகுதிகளில் தீ மூட்டினர். ஆட்டத்தைத் தொடர இயலாமல் போகவே, ஆட்டத்தின் மேட்ச் ரெஃப்ரியாக இருந்த கிளைவ் லாயிட் இலங்கைக்கு வெற்றியை அளித்தார். கல்கத்தா மக்கள் கலையிலும் பண்பிலும் குறைந்தவர் அல்லர். கைக்கு வேலையற்ற சினம் அன்று அவ்வாறு வெளிப்பட்டது.

மற்றொன்று உங்கள் வயதினரைப் பற்றியது. 2020 அக்டோபரில் சென்னை அணி ஒரு பந்தயத்தில் தோற்றபின், அணித் தலைவரின் ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் குறித்து நாக்கூசும் மிரட்டல் ஒன்று சமூக ஊடகத்தில் எழுதப்பட்டது. எழுதியவனைக் காவல்துறையினர் கண்டுபிடித்தபோது அவன் பதினாறு வயது மாணவன் எனத் தெரியவந்தது. அன்று புட்டியை எறியக் கை வேண்டியிருந்தது. இன்று அதற்கும் தேவையில்லை, ஒரு விரல் போதும். எழுதி முடிக்க ஒரு நிமிடம். அதன் விளைவோ ஒரு மாணவனின் எதிர்காலத்தையே பற்றக்கூடியது.

அங்ஙனமாயின் தோற்ற அணியின் ரசிகன் செய்யத்தக்க பணி ஒன்றுமே இல்லையா? உண்டு. அதனை நமக்குக் கற்பித்தவர்கள் நம் மாநிலத்து ரசிகர்களே.

1999 சனவரி 31, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் டெஸ்ட் பந்தயம். ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்குப் பின் பாகிஸ்தான் அணி நம் நாட்டில் ஆடிய முதல் டெஸ்ட் அது. அவ்வணி வருவதை எதிர்த்தவர்கள் அம்மாதத் தொடக்கத்தில் டெல்லி மைதானத்தின் ஆடுதளத்தைத் தோண்டிச் சேதப்படுத்தியிருந்தனர், அத்தகைய காலம். இந்தியாவுக்கு இலக்கு 271. ஐந்து விக்கெட்டுகள் 82-க்கு விழுந்தன. முதுகுவலியோடு போராடிய சச்சின் டெண்டுல்கரும், விக்கெட் காப்பாளர் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ஓட்டங்கள் குவித்தனர். டெண்டுல்கர் 136 எடுத்து ஆட்டமிழந்தபோது வெற்றிக்கு வேண்டியவை பதினேழே ஓட்டங்கள். கையில் மூன்று விக்கெட்டுகள். அம்மூன்றும் நான்கு ஓட்டங்களுக்குள் வீழ்ந்தன. 258-இல் இன்னிங்ஸ் முடிந்தது. 12 ஓட்டங்களில் தோல்வி.

மைதானம் ஒரு கணம் அசைவற்றிருந்தது. பின்னர் ஒரு கைதட்டல் எழுந்தது, அது வளர்ந்தது, அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. வாசிம் அக்ரம் தலைமையில் பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வலம் வந்தபோது, தோற்ற நாட்டு மக்கள் நின்றபடியே கரவொலி எழுப்பி அவர்களை வாழ்த்தினர். உலகின் பல நாட்டு இதழ்கள் அதனைப் பாராட்டின.

சேப்பாக்கத்தில் அன்று கூடியிருந்தோர் வருத்தம் இல்லாதவர் அல்லர். பன்னிரண்டு ஓட்டங்களில் வெற்றி நழுவியது கண்டு அவர்கள் நெஞ்சும் பிளந்தது. ஆனால் அவர்கள் கைகளுக்கு வேலை கிடைத்துவிட்டது! ஆட்டத்தின் முடிவை மாற்ற ரசிகனால் இயலாது. நல்ல ஆட்டத்தை நல்ல ஆட்டம் என்று சொல்ல அவனால் இயலும். ஆடுகின்றவர்களால் செய்ய முடியாமல், பார்க்கின்றவர்களால் மட்டுமே செய்யக்கூடிய பணி அஃது ஒன்றே.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். ‘நம் அணி’ என்கிறோமே, அதன் எல்லை எது? 2023-ஆம் ஆண்டு அகமதாபாத்தில் நிகழ்ந்த இறுதிப் பந்தயத்தில் சென்னை அணி, கடைசி இரண்டு பந்துகளில் ஜடேஜா அடித்த சிக்சராலும் பவுண்டரியாலும் குஜராத் அணியை வென்றது. 2019-இல் நம்மை வாட்டிய அதே கடைசிப் பந்து இம்முறை பிறரை வாட்டியது. அன்று தோற்ற குஜராத் அணிக்காக 96 ஓட்டங்கள் எடுத்தவர் யார்? சென்னையிற் பிறந்த சாய் சுதர்சன். வென்ற சென்னை அணியின் தலைவரோ ராஞ்சியைச் சேர்ந்தவர். நம்மவர் யார், பிறர் யார் என்னும் கோடு நாமே வரைந்துகொண்டது என்பது இதனால் விளங்கவில்லையா? விளையாட்டின் இன்பத்துக்காக அக்கோட்டை வரையலாம். பகைமைக்காக வரைதல் ஆகாது.

ஆகவே, மாணவச் செல்வங்களே, கிரிக்கெட்டாயினும் கூடைப்பந்தாயினும் சடுகுடுவாயினும், உங்கள் அணி தோற்கும் நாளில் வருந்த வெட்கப்பட வேண்டாம். அன்பு வைத்தவனுக்கு வருத்தம் உண்டு. அன்றிரவு கைப்பேசியை மட்டும் எட்டத்தில் வைத்துவிடுங்கள். எதிரணியினர் ஆடியவற்றுள் மிகச் சிறந்தது எது என்று தோழனோடு பேசுங்கள். 2019-இல் மலிங்கா வீசிய அந்தக் கடைசிப் பந்தைப் போல ஒன்று நிச்சயம் இருக்கும். அடுத்த நாள் மாலை பள்ளி மைதானத்துக்குச் சென்று, அந்தப் பந்தை நீங்களே வீசிப் பாருங்கள். எத்தனை முறை தவறுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். தோற்ற உங்கள் வீரர்மீது கொண்ட சினம் அங்கேயே தணிந்துவிடும்.